போனை வைக்காத சலீம் பாய்

சலீம் பாய் போய்விட்டார். இன்று காலைதான் தெரிந்தது, அதுவும் நானாகப் போன் செய்ததால்.

எடுத்தது அவர் மகன் ரியாஸ். "டீச்சர்... அத்தா முந்தாநேத்து மௌத்தாயிட்டாரு. நேத்து அடக்கம் பண்ணிட்டோம். யாருக்கும் சரியா சொல்ல முடியல."

எனக்கு எதிரே கம்ப்யூட்டர் திரை கறுப்பாக நின்றது. உள்ளே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சலீம் பாய் சிந்தாதிரிப்பேட்டையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்றவர். ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் கடை. ரிடையர் ஆனபின் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் வீடியோ போடுகிறேன் அல்லவா, அந்த மெஷினை அசெம்பிள் செய்து தந்தவர் அவர்தான்.

முதல் நாளே எங்களுக்குள் வாக்குவாதம். என் பட்ஜெட்டுக்குள் இரண்டு பிராசஸர்கள் வந்தன. ஒன்று புதியது, கம்பெனி வைத்த வேகத்தில்தான் கடைசிவரை ஓடும். இன்னொன்று கொஞ்சம் பழையது, ஆனால் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். ஓவர்கிளாக்கிங் என்பார்கள். நான் அதைத்தான் கேட்டேன்.

"இன்னாத்துக்கு டீச்சர் இந்த வேல? காலேஜ் பசங்கதான் கேம் ஆடறதுக்கு இத வாங்கினு போவானுங்க. நீங்க சிவனேன்னு புதுச எடுத்துனு போங்க."

"சூடு ஏறும், அவ்வளவுதானே பாய்? குக்கர்ல நாலு விசில் வைக்கிறவ அஞ்சாவது விசிலுக்குப் பயப்படுவேனா?"

"நீங்க பயப்பட மாட்டீங்க. எனக்குத்தான் பயமா கீது."

பிராசஸரை நான் முடிவு செய்தேன். அதன் வேகத்தைக் கூட்ட அனுமதிக்கிற மதர்போர்டையும், சூட்டைத் தாங்க ஒரு பெரிய கூலரையும் அவர் எடுத்து வைத்தார்.

கடையிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்தோம். வேகத்தைக் கூட்டவே இல்லை, அதற்குள் சூடு எகிறியது. பாய் பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார். கூலரைக் கழற்றினால்... அதன் அடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது! உரிக்க மறந்து, அதன்மேல் அழகாகச் சூட்டைக் கடத்தும் பேஸ்டைத் தடவி மாட்டியிருக்கிறார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படுத்த கதை.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நான். வருடக்கணக்கில் வெப்பக் கடத்தல் பாடம் எடுத்தவள்.

"நீங்களாச்சும் சொல்லக் கூடாதா டீச்சர்?"

"நீங்களாவது உரிச்சிருக்கக் கூடாதா பாய்?"

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், உள்ள இட்லி வேவுதா?"

"உனுக்கும் ரெண்டு எடுத்து வெக்கிறேன். போய் யாவாரத்தப் பாரு நைனா."

அதன்பின் ஒரு பழக்கம் வந்தது. மே மாத வெயிலில் வேகத்தை ஒரு படி இறக்குவேன், மழை வந்து குளிர்ந்ததும் ஒரு படி ஏற்றுவேன். மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் திரை கறுத்துவிடும். ஏற்றியது அதிகமாகிவிட்டால் மெஷினே சில தடவை முயன்று பார்த்துப் பழைய வேகத்துக்குத் திரும்பும்.

அந்த நடு நேரம்தான்... ஃபேன் சத்தம் கேட்கும், வேறொன்றும் தெரியாது. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் நான் தனியாக இருப்பவள். உயிர் இருக்கிறதா, போய்விட்டதா என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

அதனால் பாய் போனில் கூடவே இருப்பார். "வெக்காதீங்க டீச்சர். அது வர்ற வரிக்கும் லைன்லயே இருங்க." அந்தப் பக்கம் யாரோ பேரம் பேசுவார்கள், டீ கிளாஸ் சத்தம் கேட்கும். நடுநடுவே "வந்துச்சா?" என்பார்.

ஒருமுறை ஏதோ முணுமுணுத்தார். என்ன பாய் என்றேன்.

"துவா கேக்கறேன். நீங்களும் உங்க கபாலியாண்ட ஒரு வார்த்த சொல்லி வையுங்க."

இன்று காலை நல்ல மழை. ஒரு படி ஏற்றி, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, பாய்க்குப் போன் செய்தேன்...

ரியாஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மதியம் சாப்பிடும்போது ஷட்டரை இறக்கி உள்ளே கொக்கி போட்டுக்கொள்வது பாயின் வழக்கம். அன்றும் அப்படித்தான். அசந்து தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்துக் கடைக்காரர் வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் ஷட்டரை உடைத்துத்தான் திறந்தார்கள். பிரஷர் ஏறி உள்ளே விழுந்து கிடந்திருக்கிறார்.

"அப்பவே பாத்திருந்தா காப்பாத்தி இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு டீச்சர்."

நான் போனை வைக்கவில்லை. ரியாஸும் வைக்கவில்லை.

பிறகு அவன்தான் கேட்டான். "அத்தா சொல்லியிருக்காரு டீச்சர்... மெஷின் வந்துச்சா?"

அப்போதுதான் பார்த்தேன். வந்திருந்தது.

பயமாக இருக்கிறது, நண்பர்களே. மறைக்கத் தெரியவில்லை. எனக்கும் பிரஷர் உண்டு, மகள் வெளியூரில். பத்திரமாக இருக்கட்டும் என்று என் வாசல் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், நடுவில் ஒன்று, கீழே ஒன்று வைத்திருக்கிறேன். ராத்திரி மட்டுமில்லை, பகலிலும் மூன்றையும் போடுவேன். என் கதவு திறக்கவில்லை என்று யாருக்கு, எப்போது தோன்றும்?

காலையிலிருந்து ஒன்றையும் போடவில்லை. வெறுமனே சாத்தியிருக்கிறேன். குளிக்கப் போனபோதும் அப்படியே.

வாட்ச்மேன் மனைவி செல்வி வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா டீச்சர், கதவு தாப்பா போடாம கீது? பூனை பூந்துடப் போவுது."

"பூந்தா பூரட்டும். நீ அப்பப்ப வந்து என்னை ஒரு குரல் கூப்பிடு."

என் முகத்தைப் பார்த்தாள். துடைப்பத்தை வைத்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பாய்... உங்களுக்கு என் சலாம். நீங்கள் போயிருக்கிற இடத்தில் எந்தக் கதவுக்கும் கொக்கி இருக்க வேண்டாம்.