ராபின் அரைத்துக் கொடுத்த சாஃப்ட்வேர்

எனக்கு முட்டி வீங்கியிருந்த சமயம், ஒரு நாள் பிரிண்ட் எடுக்க புதுவாயல் கூட்டுரோட்டில் இருந்த ராபின் கடைக்குப் போனேன். கடையில் இருந்தது ஒரே நாற்காலி. அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காருங்கக்கா, எனக்கு நின்னுக்கினு பண்ணாத்தான் வேல ஓடும்" என்றான். முடிகிற வரைக்கும் நின்றபடியே தட்டினான். அதற்கப்புறம் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். அவன் நின்று வேலை செய்து நான் பார்த்ததேயில்லை.

ராபினின் அப்பா சின்னதுரை, பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு அறுத்தவர். ராபின் ஐ.டி.ஐ. படித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தான். அந்த வேலை போனதும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்தான். ஞாயிறு சர்ச்சு, கடை மூடியிருக்கும். மற்ற நாளிலும் பேச்சு கம்மிதான்.

எங்கள் மகளிர் குழுவில் மிளகாய்த்தூள், சாம்பார் பொடி அரைத்து சிப்காட்டில் ஒரு பெரிய கேண்டீனுக்குப் போடுகிறோம். அந்த மேனேஜர் ஒரு நாள், "பாக்கெட்டுல எடை, அரைச்ச தேதி, கெடு தேதி எல்லாம் அச்சுல இருக்கணும். கையால எழுதினது செல்லாது. தீபாவளி வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற ஆள்கிட்ட வாங்கிப்பேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு கேண்டீனை நம்பித்தான் எங்கள் அரவை. எங்கள் குழுவில் இருக்கும் கெங்கம்மாள் வீட்டில் அதை விட்டால் வேறு வரும்படி கிடையாது.

ஒரு கம்பெனியில் எங்கள் குழுவுக்குத் தர்மமாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். சோப்பு டப்பா அளவுதான். லேபிள் பிரிண்டரைக் காக்களூரில் மூடிப்போன ஒரு பட்டறையில் பழசாக வாங்கினோம். இரண்டையும் ஒயர் போட்டு இணைத்தால் அசைவே இல்லை. ராபினைக் கூப்பிட்டோம். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இதுல ஓடுறது லினக்ஸு. யார் வேணா எடுத்துக்கலாம், காசில்ல. ஆனா உள்ள இருக்கிற சிப்பு, போன்ல இருக்கிற ஜாதி. பிரிண்டர் கம்பெனி பெரிய கம்ப்யூட்டர் சிப்புக்கு மட்டுந்தான் சாஃப்ட்வேர் போட்டு வெச்சிருக்கான். இதுக்குப் போடல."

குழுத் தலைவி ஜோதிலட்சுமிக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாப்பா இது, தானமா குடுத்தவன் ஓடாததாப் பாத்துக் குடுத்துக்கிறானா?"

"ஓடும்க்கா. இதுக்குன்னு செஞ்சு குடுக்க ஆள் இல்ல, அவ்ளோதான்."

"நீ இன்னாத்துக்குக் கீற?"

ராபின் பிரிண்டர் கம்பெனிக்கு எழுதிக் கேட்டான், பதிலே வரவில்லை. அப்புறம் நெட்டில் தேடி, அதே வகைப் பழைய பிரிண்டருக்கு யாரோ சாஃப்ட்வேர் எழுதிப் பொதுவில் வைத்திருந்ததைக் கண்டுபிடித்தான். எனக்குப் புரியவில்லை என்றதும் எங்கள் பாஷையிலேயே சொன்னான்.

"கம்பெனிக்காரன் குடுக்கிறது அரைச்ச பொடி, மணியக்கா. நமக்கு ஒத்துக்கலன்னா ஒண்ணும் பண்ண முடியாது. இவன் மொளகா, தனியாவ அப்படியே வெச்சிருக்கான். நம்ம மிஷின்லயே அரைச்சுக்கலாம்."

கொஞ்சம் அரைப்பான், நின்றுவிடும். எதையோ மாற்றுவான், மறுபடி அரைப்பான். குட்டிக் கம்ப்யூட்டர் சூடாகிவிடும். கெங்கம்மாள் முறத்தால் விசிறுவாள். நான் பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஒரு நாள் பிரிண்டர் கர்ரென்று இழுத்தது. மிளகாய்த்தூள், எடை, தேதி எல்லாம் வந்தது. நாலைந்து லேபிள் போனால் எழுத்து கொஞ்சம் கீழே இறங்கும். காகிதத்தைக் கையால் சரி செய்துகொள்வோம். ராபின் தான் செய்ததை அதே பொதுவிடத்தில் ஏற்றி வைத்தான். கடைசியாகக் குட்டிக் கம்ப்யூட்டரில் செருகியிருந்த ஒரு சின்ன கார்டைக் காட்டி, "எல்லாமே இதுக்குள்ளதான் இருக்குது, பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பத்திரம்தான் வம்பாகிவிட்டது. கெங்கம்மாள் தினம் சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்தக் கார்டைப் பிடுங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, அம்மன் படத்துக்கு முன்னால் வைப்பாள். காலையில் கற்பூரம் காட்டி எடுத்துச் செருகுவாள். நகையை அப்படித்தானே வைப்போம். எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

தீபாவளி நெருங்கும்போது கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. ராபின் வந்து கார்டைக் கையில் எடுத்தான். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"இன்னாக்கா இது?"

கெங்கம்மாள் பெருமையாகச் சொன்னாள். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "இது ஓடும்போது கரண்ட்ட நிறுத்தினா உள்ள எழுதினது குழம்பிடும்க்கா. மூடிட்டுத்தான் நிறுத்தணும். கயட்டவே வேணாம்."

"அப்போ எல்லாம் போச்சா?" என்றாள் ஜோதிலட்சுமி. கெங்கம்மாள் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் கேண்டீனுக்குச் சரக்கு போக வேண்டும்.

"இதுல போச்சு. அங்க இருக்குது" என்று போனைக் காட்டினான். புதுக் கார்டு போட்டு, தான் ஏற்றி வைத்ததையே திரும்ப இறக்கினான். எந்த தேசத்து ஆளோ, இதே பிரிண்டரை இதே மாதிரி குட்டிக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர், அதை எடுத்து ஒரு திருத்தம் செய்து அங்கேயே போட்டிருந்தாராம். ஓட்டிப் பார்த்தோம். எத்தனை லேபிள் போனாலும் எழுத்து கீழே இறங்கவில்லை. ராபின் லேபிளைக் கிழித்துக் கிழித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் சரக்கு போனது, மேனேஜர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார். அம்மனுக்குப் பொங்கல் வைத்தபோது, அந்த முகம் தெரியாத ஆளுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

போன மாசம் ராபின் கடையைக் காலி பண்ணினான். அவன் மனைவி ஏஞ்சலினுக்கு சூளூர்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. சொல்லிக்கொண்டு போக வந்திருந்தான். நான் பொடி கொஞ்சம் கட்டிக் கொடுத்தேன். மனசு கேட்காமல், "நீ பூட்டா மிஷின் நின்னா நாங்க யாரத் தம்பி தேடறது?" என்றேன்.

பையை வண்டியில் மாட்டினான். "என் பேரச் சொல்லித் தேடாதீங்கக்கா. பிரிண்டர் பேரையும் சிப்பு பேரையும் சொல்லிக் கேளுங்க, எந்த ஊருக்காரனா இருந்தாலும் எடுத்துக் குடுப்பான். அப்படியும் ஆவலன்னா எனக்குப் போன் பண்ணுங்க. ஞாயித்துக்கிழம காலைல மட்டும் எடுக்க மாட்டேன்."