திரைக்குப் பின்னால் ஒரு ‘இல்ல’

வழக்கமாக இந்த இடத்தில் பஸ் கண்டக்டரையோ, மின்சாரக்காரரையோ, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரையோ பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவேன். உங்களுக்கும் பழகிவிட்டது. இந்த வாரம் வாங்கப்போவது என்னை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது. என் மருமகள் தர்ஷினி — நாங்கள் கூப்பிடுவது தர்ஷி — உக்குவளையில் எங்கள் வீட்டுப் பின்படியில் வழுக்கி விழுந்தாள். பாசி பிடித்த படி, முந்தின நாள் மழை... பிறகென்ன? இடுப்பில் நல்ல அடி. எழுந்து நிற்க முடியவில்லை. மகன் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆகவே த்ரீவீலில் ஏற்றி அவளை மாத்தளை டவுனுக்குக் கொண்டுபோனது நான்தான்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டர் அழுத்திப் பார்த்தார். எலும்பில் வெடிப்பு இருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்.

எக்ஸ்ரே அறை கட்டடத்தின் கடைசியில். அந்த நடையில் போகப் போக சத்தம் குறைகிறது. வார்டில் அழுத குழந்தை, யாரோ இருமியது, நர்ஸ்மாரின் செருப்புச் சத்தம் — எல்லாம் ஒரு திருப்பத்தோடு நின்றுபோயின. கனமான கதவு. மேலே ஒரு சிவப்பு பல்பு. அது எரியும்போது பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்துகிறார்கள். ஏன்? அப்படி யாரும் சொல்லவில்லை. நானும் நிறுத்தினேன்.

உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது, உடம்புக்கு உறைக்காது. ஆனால் நடக்கிறது... அதுதான் என்னை என்னவோ செய்தது.

எங்கள் முறை வந்தது. தர்ஷி திரைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே எடுக்கிறவர் ஒரு சிங்கள இளைஞர், மரியாதையான பிள்ளை. என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் சிங்களத்தில் கேட்டார் — அவங்க கர்ப்பமா? அப்படி இருக்கக்கூடுமா? கேட்டுச் சொல்லுங்கம்மா.

எவ்வளவு லேசான கேள்வி! ஆனால் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் ஏழெட்டு ஆண்கள். அதில் ஒருவர் எங்கள் கோயில் கமிட்டிக்காரர். தர்ஷிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று ஊர் கேட்டுக் கேட்டுப் புண்ணாக்கி வைத்திருந்த இடம் அது. அங்கே போய் நான் ‘கர்ப்பமா?’ என்று சத்தமாகக் கேட்பதா?

நாசூக்காகக் கேட்டேன்.

“தர்ஷி... முழுகாம கிழுகாம இருக்கியா?”

“இல்ல மாமி!” டக்கென்று பதில் வந்தது. கொஞ்சம் ரோஷமாகக்கூட.

“நே, மல்லி” என்றேன் அந்தப் பிள்ளையிடம். இல்லை, தம்பி. அவர் தலையாட்டினார். கதவைச் சாத்தினார்கள். சிவப்பு பல்பு எரிந்தது.

எலும்பு உடையவில்லை. வலிக்கு மாத்திரை, இரண்டு வாரம் ஓய்வு. படத்தைப் பழுப்புக் கவரில் போட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

பத்து நாள் போயிருக்கும். பாத்ரூமிலிருந்து வந்த தர்ஷி ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சியை என்னிடம் நீட்டினாள். இரண்டு கோடு. எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. கட்டிப்பிடிக்கப் போனவள், அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

“மாமி, அன்னைக்கு எக்ஸ்ரே எடுத்தோமே...”

“அன்னைக்கு நீ இல்லன்னுதானே சொன்ன?”

“என்கிட்ட எப்ப கேட்டீங்க?”

“கேட்டேனே! முழுகாம இருக்கியான்னு!”

அவள் என்னையே பார்த்தாள். “அது... குளிக்காம வந்திருக்கியான்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன். காலையிலதான் தலைக்கு ஊத்தியிருந்தேன். அதான் இல்லன்னேன். நேரா கேட்டிருந்தா ஆறு நாள் தள்ளிப் போயிருக்குன்னு சொல்லியிருப்பேனே மாமி. எனக்கு எப்பவும் முன்னப் பின்னதான் வரும், அதனால சும்மா இருந்துட்டேன்...”

வத்தளையில் பிறந்து, இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பெண். மாதவிலக்கு முடிந்தால் தலை முழுகுவது வழக்கம். மாதம் தப்பினால் அந்தத் தலைமுழுக்கு இல்லை; அதனால் நம் பக்கத்தில் ‘முழுகாம இருக்கா’ என்றால் வயிற்றில் பிள்ளை என்று அர்த்தம். இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாலு வருஷமாக என் வீட்டில்தான் இருக்கிறாள். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேலையே வந்ததில்லையே! முப்பது வருஷமாகத் தமிழ் எழுதிப் பேர் வாங்கியவள் நான். ஒரு கேள்வி ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது.

மகனுக்குச் சொல்லவில்லை. சந்தோஷமாகச் சொல்வதா, அழுதுகொண்டு சொல்வதா? டாக்டரிடம் போவோம் என்றேன். “என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும் மாமி” என்றாள் தர்ஷி. உண்மையைச் சொன்னால், கேட்க எனக்கும் பயம். நானும் வற்புறுத்தவில்லை. அது என் இரண்டாவது தப்பு.

அலுமாரி இருக்கிற அறைக்குள் அவள் போவதை நிறுத்தினாள். “அந்தப் படத்துலயும் ரேஸ் இருக்குமா?” என்று, எக்ஸ்ரே கதிரை நினைத்து, ஒரு நாள் கேட்டாள். “சும்மா இரு, அது வெறும் பிளாஸ்டிக்” என்றேன். சொன்னேனே தவிர, அதற்குப் பிறகு அலுமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கம். கண்டி ரயில் போகும்போது ஜன்னல் அதிரும், பாத்திரம் அதிரும். இப்போது அந்தக் கவரும் சரசரத்தது. உள்ளே ஏதோ புரண்டு படுக்கிற மாதிரி... பட்டப்பகலில் எனக்கு வியர்த்தது.

இந்த நேரம் பார்த்து இரத்தோட்டையிலிருந்து என் அக்கா வந்தாள். நல்ல மனசு, ஆனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. நான் தேத்தண்ணி ஊற்றப் போன நேரத்தில் தர்ஷியிடம் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

“ரேஸ் பட்ட பிள்ள முழுசா பொறக்காது மகள். எங்க தோட்டத்து லயத்துல ஒருத்திக்கு...” என்று ஆரம்பித்தவள், நான் வருவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். ஒருத்திக்கு என்ன ஆச்சு? மிச்சத்தை அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டோம். பின்னேர பஸ்ஸில் அக்கா போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் சந்தையிலிருந்து வந்தேன். மலையே தெரியாத மழை. வாசல் கதவு திறந்து கிடந்தது, ஒரு லைட்டும் போடவில்லை. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். சமையலறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. ஏலம், கராம்பு, சாதிக்காய், மிளகு என்று மணக்கிற ஊரில் பிறந்து வளர்ந்த மூக்கு இது. அதற்குத் தெரியாத வாசனை. கசப்பும் தீய்ச்சலுமாக, தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

தர்ஷி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அடுப்பில் சின்னச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே ஜன்னல் கண்ணாடியில் அந்த எக்ஸ்ரே படத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.

மழை வெளிச்சம் அதற்குள் நுழைந்து வந்தது. அவளுடைய இடுப்பெலும்பு வெள்ளையாக விரிந்து நின்றது. கீழ்ப்பக்கம் இரண்டு ஓட்டைகள், இரண்டு கண் மாதிரி. சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

அவள் திரும்பவில்லை. “இதுக்குள்ள எங்கயாவது தெரியுதா மாமி? ஒரு மணித்தியாலமா தேடுறேன்...”

“அடுப்புல என்ன?”

“பெரிய மாமி குடுத்துட்டுப் போனாங்க. மூணு நேரம் குடிச்சா எல்லாம் சுத்தமாயிடுமாம்.”

“குடிச்சியா?”

அவள் சட்டியைக் கிளறினாள்.

“குடிச்சியாடீ!” அவளை நான் அதுவரை டீ போட்டதில்லை.

“இன்னும் இல்ல...”

துணிகூட எடுக்காமல் சட்டியைத் தூக்கி, அப்படியே சிங்கில் கவிழ்த்தேன். இரண்டு விரலில் கொப்புளம் எழும்பியது. படத்தைக் கண்ணாடியிலிருந்து பிய்த்தேன். தர்ஷி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“நாலு வருஷம் கழிச்சு வந்தது மாமி... ஊனமா பொறந்தா அது என்னையத்தானே கேக்கும்?”

“உன்னையக் கேக்காது. என்னையத்தான் கேக்கணும். நாந்தான் வெக்கப்பட்டு மழுப்பினேன். எழும்பு, போவோம்.”

மாத்தளை டவுனில் எங்களுக்குத் தெரிந்த பெண் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். முஸ்லிம் பெண்மணி, பிள்ளைப்பேறு பார்க்கிறவர். நனைந்த கோலத்தில் போய் நின்றோம். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் திகதியைக் கேட்டார், படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், பிறகு தர்ஷியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

“மகள், இப்பிடி ஒரே ஒரு இடுப்புப் படத்துல பிள்ளைக்குப் போற கதிர் ரொம்பக் கொஞ்சம். ஊனம் வர்ற அளவுக்குக் கிட்டக்கூடப் போகாது. அது ஒடம்புல தங்கவும் மாட்டாது. சுவிட்ச நிப்பாட்டினா லைட் நிக்கும், அவ்வளவுதான். இதுக்காக யாரும் பிள்ளைய அழிக்கத் தேவல்ல.”

“அப்போ எதுக்கு அவ்வளவு கவனமா கேக்குறாங்க?” என்றேன்.

“தேவையில்லாம ஒரு துளிகூடப் படக்கூடாதுன்னுதான். தெரிஞ்சிருந்தா தள்ளிப் போட்டிருப்பாங்க, இல்லாட்டி வேற வழி பாத்திருப்பாங்க. கட்டாயம் எடுக்கத்தான் வேணும்னா, கவனமா எடுத்திருப்பாங்க.” பிறகு சட்டியைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. “இந்தப் பிள்ளைக்கு இதுவரைக்கும் வந்த பெரிய ஆபத்து அதுதான். தாய்க்கும் சேத்து.”

இரண்டு நாள் கழித்து அந்த எக்ஸ்ரே இளைஞரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போனது பாவம். அவர் செய்த ஒரே தவறு என்னை நம்பியதுதான். இனித் திரையை விலக்கி நோயாளியிடம் தானே கேட்பதாகச் சொன்னார். கூட வருகிற மாமிமாரை நம்ப வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களுக்கும்தான் சொல்கிறேன். எலும்பு முறிந்தவர் பிள்ளைக்குப் பயந்து எக்ஸ்ரே வேண்டாம் என்று ஓடவும் கூடாது. ஒரு நாள் தள்ளிப்போயிருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள். பெஞ்சில் யார் இருந்தால் என்ன? கமிட்டிக்காரர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டுமே!

போன வாரம் ஸ்கேன். மறுபடியும் இருட்டு அறை, மறுபடியும் ஒரு மெஷின். தர்ஷி படுக்கையில் பாதி எழுந்து கேட்டாள்: “டாக்டர், இதுலயும் ரேஸ் இருக்கா?”

“இல்ல மகள். இது சத்தம் மட்டும்தான். மனுசக் காதுக்குக் கேக்காத சத்தம்.”

சாம்பல் நிறத் திரை. புகைக்குள் புகை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். முதலில் ஒன்றுமே இல்லை... ஒன்றுமே இல்லை... பிறகு ஒரு மூலையில் ஏதோ துடித்தது. டாக்டர் கையை மெல்ல நகர்த்தினார். அந்தப் புகைக்குள்ளிருந்து ஒன்று எங்கள் பக்கமாகப் புரண்டது. தர்ஷி என் கையை நசுக்கினாள். நான் வாய்விட்டு அழுதேன்.

வெட்கப்பட்டு நான் மென்று விழுங்கிய கேள்விக்கு இரண்டு கை, இரண்டு கால் இருந்தன.