மேஜையை ஆடவிடாத காஜா பாய்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சந்திரன் சேட்டன் போன் செய்தார். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளிகளின் தலைவர் அவர். எனக்கு அவர் சாதாரணமாகப் போன் செய்வதில்லை. "செல்வீ, நம்முடெ காஜா போயி," என்றார். தோப்பும்படியில் பின்னால் வந்த கண்டெய்னர் லாரி காஜா பாயின் ஸ்கூட்டரை அடித்துச் சாய்த்து, அவர் மேலேயே ஏறிவிட்டது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து கிடந்ததாம். நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

பஜார் ரோட்டுக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மிளகுக் கிடங்கின் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த கடையநல்லூர்க்காரர். அவரைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். மனைவியின் பாஸ்வேர்டை உடைத்துத் தரச் சொன்ன ஒருவர்மேல் கீபோர்டை எறிந்து, புருவத்தைக் கிழித்தவர் அவர். கேட்டால், "அவன் கேட்டதுக்கு அது போதாது," என்பார். அவருடைய கை எவ்வளவு சீக்கிரம் ஓங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது ஓங்காமல் இருந்த ஒரு மத்தியானத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

என் கணவர் என்னை ஒன்பது வருடம் அடித்தார். முதலில் கை, பிறகு பெல்ட், கடைசியில் எது கிடைக்கிறதோ அது. கல்யாணப் பத்திரிகைகள் வடிவமைப்பது என் தொழில். அதற்கான கம்ப்யூட்டர் ஒன்று முன்னறையில் இருந்தது. திரையும் இயந்திரமும் ஒன்றாய் அமைந்த வகை. காயங்களைப் படம் எடுத்து வைத்திருந்த என் போனை அவர் அம்மிக் குழவியால் நசுக்கிய பிறகு, அந்தக் கம்ப்யூட்டரின் கேமராவை ஓடவிட ஆரம்பித்தேன். அவர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவேன். இப்படி மூன்று நாள் பதிவானது.

நான்காவது நாள், என் முடியைப் பிடித்துத் தலையை மேஜைமேல் மோதும்போது, கேமராவுக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளி அவர் கண்ணில் பட்டுவிட்டது. "எந்தாடி இது? எனக்கே கேமரா வைக்கிறியா?" என்று கம்ப்யூட்டரை வயரோடு பிடுங்கி என்மேல் எறிந்தார். என் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. ஏழு வயது மகள் கட்டிலுக்கு அடியில் இருந்தாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், பக்கத்து வீட்டுச் சேச்சி கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்தார். மகளோடு சுள்ளிக்கலில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அவரோ எனக்கு முந்திக்கொண்டார். எனக்குப் புத்தி சரியில்லை என்றும், மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் கோர்ட்டில் மனுப் போட்டார். விசாரணைக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. "தெளிவு வல்லதும் உண்டோ?" என்று வக்கீல் ஆதாரம் கேட்டார். சாட்சி எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது என்றேன்.

அதைக் காஜா பாயிடம் கொண்டுபோனேன். "ஒரு டிரைவ் இருந்த இடத்துல ரெண்டு காட்டுது பாய். சரிபண்ணட்டுமான்னு ஒரு பட்டன் காட்டுச்சு. அமுக்கப் போனேன்," என்றேன்.

"அமுக்கிட்டீங்களா?" என்று மேஜைமேல் ஓங்கி அடித்தார்.

தோள் முறிந்த என் ஒரு கை, கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றக் கையால் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டேன். நானாகச் செய்யவில்லை, உடம்பு செய்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றிருந்தார், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு.

"அமுக்கல பாய். மன்னிச்சிருங்க," என்றேன்.

"உடைஞ்சது டிஸ்க்கு. நீங்க ஏம்மா மன்னிப்புக் கேக்கீய?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டதும் இல்லை. எடுக்க வேண்டிய வீடியோ எவை என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"இதுக்குள்ள ரெண்டு இருக்கும்மா," என்று தணிந்த குரலில் விளக்கினார். "ஒண்ணு சின்னது, வேகமானது. இன்னொண்ணு பெருசு, சுத்துற டிஸ்க்கு. ரெண்டையும் சேத்துக் கட்டி ஒண்ணாக் காட்டும். உங்க வீடியோல பாதி இதுல இருக்கும், பாதி அதுல இருக்கும். விழுந்ததுல கட்டுப் பிரிஞ்சிட்டு. அந்தப் பட்டன அமுக்கினா திரும்பச் சேத்துரும். ஆனா உள்ள இருக்கிறத எல்லாம் அழிச்சிட்டுத்தான் சேக்கும்."

"முதல்ல நகல், அப்புறந்தான் வைத்தியம்" என்று அவர் சொல்வதைக் கேட்காத வாடிக்கையாளர் இருக்க முடியாது. இரண்டையும் இரண்டு புது டிஸ்க்குகளில் அப்படியே நகல் எடுத்து, அந்த நகல்களைச் சேர்த்துக் கட்டிப் பார்ப்பது அவர் திட்டம். சின்னது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பெரியது அடிபட்டிருந்தது. டிக், டிக் என்று தட்டியது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படிக்க வேண்டும், கெட்ட இடத்தைத் தாண்டிப்போய்ப் பிறகு திரும்பி வர வேண்டும். நாள் கணக்கில் ஆகும். நடுவில் மேஜை ஆடினால் உள்ளேயிருக்கும் முள் டிஸ்க்கைக் கீறிவிடும், அதோடு போச்சு. வாசலில் 'மெதுவாக ஏறவும்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டினார்.

ஆறாவது நாள் மத்தியானம் நான் கடையில் இருந்தபோது என் கணவர் படியேறி வந்தார். பிராட்வே கடைத்தெரு வரைக்கும் ஒவ்வொரு ரிப்பேர் கடையாக விசாரித்துத் தேடியிருக்கிறார். கையில் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பி இருந்தது.

"எவிடெடா என் கம்ப்யூட்டர்?"

"ஓடிக்கிட்டு இருக்கு. வாங்க, கீழ போய்ப் பேசுவோம்," என்றார் காஜா பாய்.

கம்பி மேஜையை நோக்கி இறங்கியது. காஜா பாய் இடக்கையைக் குறுக்கே நீட்டினார். முதல் அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. இரண்டாவது தோளில். மூன்றாவது மறுபடி முழங்கைக்குக் கீழேயே. அப்போது எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் மேஜைக்கு ஒரு சாண் முன்னால், அதைத் தொடாமல், கால்களை அகட்டி நின்றார். வலக்கையில் பெரிய ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அவர் நினைத்திருந்தால் என் கணவரின் கண்ணிலேயே குத்தியிருக்கலாம். கட்டிப் புரண்டால் மேஜைமேல் விழுவோம் என்று தெரிந்துதான் குத்தவில்லை. நான்காவது அடி காதோரம் பட்டு, சட்டை நனைய இரத்தம் இறங்கியது.

"செல்விம்மா, கத்துங்க," என்றார், பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்பதுபோல.

ஒன்பது வருடத்தில் நான் ஒரு முறைகூட வாய்விட்டுக் கத்தியதில்லை. அன்றைக்கு ஜன்னலில் போய்க் கத்தினேன்.

சந்திரன் சேட்டனும் நாலு பேரும் ஏறி வந்தார்கள். சேட்டன் என் கணவரின் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்தார். ஒருவர் வயிற்றில் உதைத்தார். "சேட்டா, வெளியில கொண்டுபோய் அடிங்க, மேஜை ஆடுது!" என்று காஜா பாய் கெஞ்சினார். படியில் இழுத்துக்கொண்டு போனார்கள். போலீஸ் வரும்வரை ரோட்டில் போட்டு அடித்தார்கள். நான் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். என் கணவரின் வாயிலிருந்து இரத்தம் கொட்டியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

"ஓடுதான்னு பாருங்க," என்றார் காஜா பாய். ஓடுகிறது என்றேன். அப்புறம்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மயங்கிச் சரிந்தார்.

மூன்று நாள் கழித்து, இடக்கையில் மாவுக்கட்டோடு, ஒரு கையாலேயே இரண்டு நகல்களையும் இணைத்தார். ஒரே டிரைவாகத் திறந்தது. மூன்று வீடியோவில் இரண்டு முழுசாக வந்தன. மகளின் முதல் இரண்டு வருடப் படங்கள் மொத்தமும் போய்விட்டன. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீடியோ கடைசி வரைக்கும் ஓடுதான்னு பாக்க வேண்டியிருந்திச்சு," என்றார் தயங்கி. "சத்தத்த நிப்பாட்டிட்டு, திரைமேல துணியப் போட்டு மூடிட்டேன். கீழ ஓடுற நேரத்த மட்டுந்தான் பாத்தேன். வேற ஒண்ணும் பாக்கலம்மா."

நீதிபதி பார்த்தார். மகள் என்னோடு இருக்கிறாள். என் கணவர் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு ஆகிவிட்டது. காஜா பாயைக் கம்பியால் அடித்த வழக்கு மட்டும் இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவருடைய மனைவி நூர்ஜஹானை முதன்முதலாகப் பார்த்தேன். கடையநல்லூரிலிருந்து வேனில் அண்ணனோடு வந்திருந்தார். அழுது ஓய்ந்த குரலில், "ரெண்டு வருசமா அந்த இடக்கையால ஒரு குடம் தூக்க முடியாதும்மா அவரால," என்றார். "கடைப் படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னாவ."

ஒன்பது வருடமாக ஒவ்வொரு டாக்டரிடமும் நான் சொல்லிவந்த பொய் அது. வீட்டில் இருப்பவர்கள் கலங்கக் கூடாதென்று அவரும் அதையே சொல்லியிருக்கிறார். அங்கேயே, அந்தச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"திருப்பி அடிக்கலியா? அவரா?" என்று நூர்ஜஹான் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத எழுதிக் குடுங்கம்மா. பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டணும்," என்றார்.

எழுதிவிட்டேன். அவர் சொல்ல முடியாமல் போன சாட்சியத்தை நான் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அந்தக் கம்பி வழக்கில் கூண்டில் ஏறும்போது நீதிபதி என்னைத்தான் கேட்பார். அவர் படியில் வழுக்கி விழவில்லை, என் கணவர் அடித்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று, பெயர் சொல்லிச் சொல்வேன்.