பார்ஸ்லிப் பாத்தி

ஹட்டனில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்வாசலில், பழைய பால்மா டின்னில் பார்ஸ்லி விதைத்து இன்றோடு பத்தொன்பது நாள். ஒன்றும் முளைக்கவில்லை. தண்ணீர் கூடிவிட்டதோ, விதை பழசோ என்று காலையிலிருந்து மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன். பதின்மூன்று மாத மகள் இன்னும் நடக்கவில்லை. கிளினிக்கில், "அவசரப்படாதீங்க, தானா நடக்கும்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்து, நாளுக்குப் பத்துத் தடவை அவளைச் சுவரோடு நிறுத்திப் பார்க்கிறேன்.

நோண்டிப் பார்க்கும் புத்தி எனக்கு ஒன்பது வயதிலேயே உண்டு.

அப்போது நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா, துரை பங்களா குசினியில் மூன்று வருடமாகக் கூடமாட வேலை செய்துவந்தார். வயதான சமையல்காரர் விலகப்போகிறார், ஏப்ரல் சீசனுக்கு வரும் விருந்தாளிகளுக்கு ஒழுங்காகச் சமைத்தால் அந்த இடம் மாமாவுக்கு என்று துரையின் மனைவி, துரைசானி, சொல்லியிருந்தார். மாமா சந்தோஷத்தில், மீனுக்கும் சூப்புக்கும் போடுகிற பார்ஸ்லியைத் தானே வளர்த்துப் பச்சையாகக் கொண்டுவருவதாக வாயைக் கொடுத்துவிட்டார். பொங்கல் முடிந்த கையோடு விதைப் பொட்டலத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பாக்க எப்புடிடா இருக்கும்?" என்றாள் அம்மா.

"கேரட் எல மாதிரியேதான் அக்கா. மொளைக்கத்தான் ஒரு மாசங்கூட ஆகும். எல்லாம் என் மருமக பொறுப்பு."

லயத்துக்குப் பின்னால், எங்கள் லீக்ஸுக்கும் கேரட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பாத்தி. காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது என் வேலை. "நோண்டுன, கைய ஒடச்சிருவேன்" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

பத்து நாள் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. நான் சரியாகத் தெளிக்காததால்தான் முளைக்கவில்லையோ, மாமாவுக்கு வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பள்ளிக்கூடத்தில்கூட அதே நினைப்பு. விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து ஒரு விதையைக் கிளறிப் பார்த்தேன். ஊறி உப்பியிருந்தது. மூடிவிட்டேன். மறுநாள் பக்கத்து விதை. நுனியில் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தது. அது நேற்றும் இருந்ததா என்ற சந்தேகத்தில் அடுத்ததையும் கிளறினேன். இப்படி ஒரு வாரத்தில் பாத்தி முழுக்கக் கிளறி முடித்திருந்தேன். பிறகு எதுவும் மேலே வரவில்லை.

அந்த வாரம் அம்மா கேரட் பாத்தியில் நெருக்கமாக முளைத்த நாற்றுகளைப் பிடுங்கிக் குவித்தாள். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், குவியலிலிருந்து நல்லவையாகப் பொறுக்கி மாமாவின் பாத்தியில் வரிசையாக நட்டேன். பாதி செத்தது. மீதி பிடித்துக்கொண்டது. பச்சையைக் கண்டதும் அம்மா, "சொன்ன மாதிரியே கேரட் எலதான்!" என்றாள். பங்களா வேலையில் இறங்கிவர முடியாத மாமாவுக்கு ஆள் மூலம் சேதியும் சொல்லி அனுப்பினாள்.

ஏப்ரலில், விருந்தாளிகள் வந்திறங்கும் நாள் காலையில், மாமா கத்தரிக்கோலும் பழைய பேப்பருமாக வந்தார். பாத்தியோரம் குந்தி, ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைகளைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"என்னாடா மோந்துகிட்டே இருக்க? நான் பிடுங்கித் தாரேன்" என்று அம்மா ஒரு செடியைப் பிடித்து இழுக்கப் போனாள். மாமா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேரோட பிடுங்காத அக்கா. வெட்டுனாத்தான் திரும்பத் துளிர்க்கும்."

இரண்டு பிடி வெட்டிப் பேப்பரில் சுற்றினார். "நல்லா வளத்திருக்கா என் மருமக" என்று என் தலையில் தட்டிவிட்டு நடந்தார். அடியிலிருக்கும் கேரட் வெளியே வராமல் தப்பியதே எனக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பொட்டலம் பங்களாக் குசினிவரை போனதா, வழியில் தேயிலைக்குள் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

சீசன் முடிந்ததும் பங்களாவுக்கு வேறு ஊரிலிருந்து ஒரு சமையல்காரர் வந்தார். மாமா மறுபடியும் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் நின்று, பேர் கொடுத்து, தேயிலை மலைக்கு வேலைக்குப் போனார். "பங்களா வேலை சரிப்படலையாம்" என்று மட்டும் அம்மா சொன்னாள். எனக்கோ ஒரே குஷி. இனி மாமா தினமும் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தப் பாத்தியை ஒரு நாள் விடிகாலையில் அவரே கொத்திச் சுத்தமாக்கிவிட்டார். அதுவும் என் அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டேன். இலை ஒரே மாதிரி இருந்ததால் மாமாவை ஏமாற்றிவிட்டேன் என்று பல வருடம் நம்பியிருந்தேன்.

பார்ஸ்லி இலையை நான் கையால் தொட்டதே போன மாதம்தான். நுவரெலியாச் சந்தையில் ஒரு கட்டு வாங்கி, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். கேரட்டின் வாசம் துளியும் இல்லை. குசினியில் மூன்று வருடம் நின்றவருக்கு ஓர் இலை போதும். அம்மாவின் கையை அன்று அவர் பிடித்து நிறுத்தியது செடிக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.