லோறன்சியார் சத்தியமா

பேசாலை றஞ்சிதம் கருவாடு காயவைப்பதில் கெட்டிக்காரி. ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதில் அதைவிடக் கெட்டிக்காரி. மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே கிடக்கிற கடலை இரண்டு நாடும் எப்படிப் பங்குபோடுவது என்று கேட்டுக்கொண்டு வராத பல்கலைக்கழகம் இல்லை. மீனைத் தவிர மற்ற எல்லாரும் கருத்துச் சொல்லியாயிற்று. றஞ்சிதமும் வந்தவர்களுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, அவரவர் முகத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் கண்ணீரும் விடுவாள்.

பொய் சொல்வதற்கு அவர்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. சொந்தப் பங்குக் கோயிலின் வெற்றி மாதாவைப் பொய்க்கு இழுக்கக் கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் முகத்தில் முழிக்க வேண்டுமே. அவசரமென்றால் தலைமன்னார் கோயில் புனிதர் லோறன்சியார் மேல் சத்தியம் பண்ணலாம். அவர் அயலூர்க்காரர், கண்டுகொள்ள மாட்டார். தாய் பழக்கிவிட்ட இந்தச் சலுகையை றஞ்சிதமும் தங்கை நிறஞ்சலாவும் பள்ளிக்கூட நாளிலிருந்தே தாராளமாக அனுபவித்தார்கள்.

யுத்தத்தில் அகதியாகப் போன நிறஞ்சலா பாம்பனிலேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டாள். மாப்பிள்ளைக்கு இழுவைப்படகில் வேலை. ஒருநாள் அந்தப் பக்கத்துப் படகுகள் வந்து றஞ்சிதத்தின் புருசன் சிங்கராசாவின் வலையை அறுத்துக்கொண்டு போக, அவள் போனை எடுத்துத் தங்கையைக் கிழிகிழியென்று கிழித்தாள். தங்கையும் விடவில்லை. பேச்சு நின்று மூன்று வருசம். ரோசத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை; ஆனால் அவளை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று றஞ்சிதத்துக்கு நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

அப்போதுதான் மதுஷிகா வந்தாள், உப்புக்குளத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆய்வுக்காரப் பெண். இரண்டு கரைப் பெண்களையும் இராமேஸ்வரத்தில் ஒன்றாக இருத்திப் பேசவைக்கப் போகிறார்களாம். நிபந்தனை ஒன்றுதான்: பக்கச்சார்பு வராமலிருக்க, எதிர்க் கரையில் சொந்தக்காரர் இருக்கக்கூடாது. பேசாலையில் அப்படி ஆள் தேடினால் பொய் சொல்கிறவர்கள்தான் அகப்படுவார்கள் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

"அங்கால சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ அன்ரி?"

"தலைமன்னார் லோறன்சியார் சத்தியமா ஒருத்தரும் இல்லைப் பிள்ளை."

மதுஷிகா சந்தோசமாக மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள். "அங்கயிருந்து வாறவையின்ர பேட்டியும் வந்திட்டுது. பாருங்கோ."

திரையில் நிறஞ்சலா. முன்பல் ஒன்று போயிருந்தது. தலை பாதி நரைத்திருந்தது. நெஞ்சில் கைவைத்து, "தலைமன்னார் லோறன்சியார் சத்தியமா அக்கரையில எனக்கு யாருமே இல்லைங்க" என்றாள்.

றஞ்சிதத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவளும் வரத்தான் பார்க்கிறாள், கள்ளி! பிறகு அந்தப் பல்லில்லாத வாயைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது.

மதுஷிகா திரையையும் றஞ்சிதத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒரே மூக்கு. "பாம்பன் மனுசிக்குத் தலைமன்னார் லோறன்சியாரோட என்ன அலுவல்? நீங்களும் பேசாலையில இருந்துகொண்டு ஏன் சத்தியத்துக்குத் தலைமன்னாருக்குப் போறியள்? உங்கட மாதா மேல சொல்லுங்கோ அன்ரி, இவவை உங்களுக்குத் தெரியுமோ?"

வசமாக மாட்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் பயணம் போச்சு. மறைத்தால் ஞாயிற்றுக்கிழமை மாதாவின் முகம்.

"மாதா சத்தியமா," என்றாள் மெதுவாக, "இவவோட நான் மூண்டு வருசமா ஒரு வார்த்தை கதைக்கேல்லைப் பிள்ளை."

கண்ணீர் வழிந்தது. இந்தமுறை அது யார் முகத்துக்கும் ஏற்றபடி விட்டதல்ல.

மதுஷிகா மடிக்கணினியை மூடினாள். "என்ர மாமாவும் அங்கால மண்டபம் அகதி முகாமிலதான் இருக்கிறார். நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள். "சரி, பாஸ்போட் இருக்கோ?"

றஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லோறன்சியார் சத்தியமா இருக்கு."

"அப்ப நாளைக்கே வவுனியாவுக்குப் போய் ஒண்டு எடுங்கோ" என்றாள் மதுஷிகா.