வெந்நீரில் போட்டுப் பார்த்த வளையம்

மே மாதம் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். காற்று இல்லை. முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நேரத்துக்கே பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டது. பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தவன், மகளின் காருக்கு அடியில் சிமெண்டுத் தரையில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்தேன். குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தேன். இனிப்பு வாசனை, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஆம்பூர் டேனரி ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் தோலைத் தரம் பிரித்தவன் நான். எதையும் தொட்டு முகராமல் நம்புவதில்லை. முகர்ந்த பிறகும் பெரும்பாலும் நம்புவதில்லை.

மகள் மெர்சி முந்தின இரவு பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். வாணியம்பாடி தாண்டியதும் சூடு காட்டும் முள் மேலே ஏறியதாம். ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, நாற்பதில் உருட்டி வந்து சேர்ந்திருக்கிறாள். அது பழைய வெளிநாட்டுக் கார். பார்க்கச் சின்னது, உள்ளே டர்போ வைத்து நூற்றுத் தொண்ணூறு குதிரையைக் கட்டியிருக்கிறார்கள். நான்கு பேர் உட்கார இத்தனை குதிரை எதற்கு என்று வாங்கிய அன்றே கேட்டேன். "ஓட்டறதுக்குப்பா" என்றாள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கார் வருவதற்கு முன் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருவாள். கார் வந்த பின், போன வருடம் பதினோரு முறை வந்தாள்.

வேலூரிலிருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் போனில் சொன்னாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"இன்ஜின் ஹெட் போயிருக்கும்மா. இத வச்சிக்கினு பேஜார் படாத. வித்துடு, பார்ட்டி நானே தர்றேன்."

விலையும் சொல்லிவிட்டார், வண்டியைக் கண்ணால் பார்க்காமலே. என் தொழிலில் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்காமல் தரம் சொன்னவனை நாங்கள் கேட்டுக்குள் விடமாட்டோம். ஆனால் மெர்சி களைத்திருந்தாள். "வித்துட்டா தலைவலி போச்சுப்பா. பஸ் இருக்குல்ல" என்றாள். பஸ் இருந்த காலத்துக் கணக்கு எனக்குத் தெரியும்.

"மொதல்ல தொறந்து பாரு. அப்புறம் வில்லு."

பகல் முழுக்கத் தேடினோம். வாட்டர் பம்பின் மூக்கில் காய்ந்த இளஞ்சிவப்புப் பொருக்கு இருந்தது. கண்டுபிடித்தது அவள், டார்ச் பிடித்தது நான். பம்பைக் கையால் அசைத்தாள், ஆடியது. கசிவு அங்கேதான். ஹெட்டும் கெட்டிருந்தால் புதுப் பம்ப் போட்டும் சூடேறும், அப்போது விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். சென்னைக் கடை ஒன்றிலிருந்து பம்பும் சின்ன பெல்ட்டும் திங்கட்கிழமை பஸ் பார்சலில் வந்தன.

பெட்டியைப் பிரித்ததும் எனக்கு உறுத்தியது. ரசீதில் பம்ப் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் ஒன்று, பெட்டியில் இரண்டு. ஒன்றுக்குக் காசு வாங்கி இரண்டு அனுப்புகிறவன் எதையோ மறைக்கிறான். ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பத்திரப்படுத்தினேன், புகாரோடு திருப்பி அனுப்ப. மற்றதைச் சோதிக்க அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

இங்கே காசிம் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் முதலாளியின் மகன் சிவப்பு நிறத்தில் இரண்டு கதவுக் கார் ஒன்று வைத்திருந்தார். ஊரிலேயே அவ்வளவு வேகமான வண்டி வேறு இல்லை. அதன் டிரைவர் காசிம் பாய். வெளிநாட்டுத் தோல் வியாபாரியை அழைத்துவர மெட்ராஸ் போக வேண்டிய நாளில் வாட்டர் பம்ப் ஒழுகியது. பம்பைப் பழுது பார்த்துவிட்டார். இடையில் வைக்கும் கேஸ்கெட் கிழிந்துவிட்டது. வேறு கிடைக்கவில்லை.

"தோல் ஊர்ல கேஸ்கெட்டுக்கு இன்னா பஞ்சம்?" என்று ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழுப்புத் தோலில் அழகாக வெட்டி எடுத்தார். கைக்கு இதமான, நல்ல தோல். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. டேனரியில் ஒரு வழக்கம் உண்டு. குரோம் உப்பில் பதனிட்ட தோலில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். சுருங்கினால் இன்னும் பதமாகவில்லை. அப்படியே கிடந்தால் சரி. அந்தப் பானையில் பாயின் பழுப்புத் தோலைப் போட்டேன். எண்ணி இருபதுக்குள் வறுத்த வற்றல் மாதிரிச் சுருண்டுவிட்டது. பாய் அதைக் குச்சியால் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரோமில் பதனிட்ட நீலத்தோலில் ஒரு துண்டு போட்டார். அது போட்டபடியே கிடந்தது. அதில் வெட்டிய கேஸ்கெட்டோடு வண்டி மெட்ராஸ் போய்த் திரும்பியது. சொட்டுக்கூட ஒழுகவில்லை.

"நீ நம்பாத வரைக்கும் எனக்கு நல்லது தோஸ்த்" என்றார் பாய். அதற்குப் பிறகு எந்தச் சாமானை மாட்டுவதானாலும் முதலில் என் மேஜைக்குக் கொண்டுவந்துவிடுவார். "இந்தா, சந்தேகப்படு."

அந்த நினைப்பில்தான் ரப்பர் வளையத்தைக் கொதிக்கவிட்டேன். சுருங்கவில்லை. திருப்தியாக, ஆறும்வரை அதிலேயே ஊறட்டும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய் காலை பம்பில் பொருத்தும்போது வளையம் பள்ளத்தில் உட்கார மறுத்தது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. உப்பிப் போயிருந்தது.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். "ஏங்க, அப்பளம் பொரிக்கிற சட்டியில இன்னாத்த வேக வச்சீங்க?"

எண்ணெய்ச் சட்டி. எண்ணெய் பட்டால் அந்த வகை ரப்பர் ஊதிவிடும் என்று மெர்சி சொன்னாள். தோலைப் பற்றிக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "எனக்கு வந்த மூணு மாப்பிள்ளையையும் இப்படித்தாம்பா வேக வச்சீங்க."

"நாலு" என்று திருத்தினேன்.

முதலில் சிரித்தது என் மனைவி. மெர்சி சிரிக்கவில்லை. இன்னொரு வளையம் சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும், அதற்குப் பேசாமல் அந்த வேலூர்க்காரருக்கே போன் பண்ணிவிடலாம் என்று கையைத் துடைத்தாள். நான் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து இரண்டாவது வளையத்தை நீட்டினேன். ஏன் ஒளித்து வைத்தேன் என்று கேட்டாள். சொன்னேன். வளையத்தை வாங்கிக்கொண்டு மறுபடி காருக்குள் குனிந்தாள்.

ஐந்து போல்ட். பிளாஸ்டிக் உடம்பு, அதிகம் முறுக்கினால் விரியும். அளவு காட்டும் ஸ்பேனரால் குறுக்காக மாற்றி மாற்றி முறுக்கினாள். புதுக் கூலன்ட் ஊற்றியதும் காற்றுக்குமிழி வெளியேற ஹீட்டரை முழுதாகப் போட வேண்டுமாம். ஆம்பூர் மே மாதத்தில் ஹீட்டர் போட்ட காருக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் சோதனைக்கு ஏலகிரி ஏறினோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. நான் சாலையைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்தேன். ஒன்பதாவது வளைவில் கேட்டாள், "இப்பவாவது நம்பறீங்களா?"

"பதினாலும் முடியட்டும்."

முள் நடுவில் நின்றது நின்றபடி. மேலே போய் இறங்கிக் கைக்குட்டையால் அடியில் துடைத்தேன். காய்ந்திருந்தது.

"அத மோந்து பாக்காதீங்கப்பா" என்றாள். அதற்குள் பார்த்துவிட்டேன். வேலூர்க்காரருக்கு அவளே போன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்றாள்.

கடைக்காரரைக் கூப்பிட்டு இரண்டாவது வளையத்துக்குக் காசு அனுப்புகிறேன் என்றேன். "வேணாம் சார். எல்லாருக்கும் ரெண்டு போடுவோம். ஒண்ண எப்படியும் கெடுத்துடுவாங்க" என்றார். இதிலும் ஏதாவது இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

எங்கள் டேனரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சிவப்புக் கார் நின்ற கொட்டகையில் சாப்பிட்டவர்கள் வரிசையாகக் கை கழுவுகிறார்கள். அந்தப் பானை பழைய இரும்புக்குப் போனது. காசிம் பாயும் போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. நான் சந்தேகப்பட்டால் இன்று வீட்டில் கோபித்துக்கொள்கிறார்கள், கடையில் சிரிக்கிறார்கள். "இந்தா, சந்தேகப்படு" என்று சாமானை மேஜையில் வைக்க ஒருவரும் இல்லை.

மெர்சி வியாழக்கிழமை புறப்பட்டாள், ஜூனில் வருவதாகச் சொல்லி. பம்ப், பெல்ட், கூலன்ட், ஸ்பேனர், பார்சல், ஏலகிரிக்குப் பெட்ரோல், என் மனைவி கேட்ட புது அப்பளச் சட்டி எல்லாம் சேர்த்து மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்: இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.