ஸ்கார்பெக் ஜங்ஷனுக்கு முதல் பரிசு

ஸ்கார்பெக் ஜங்ஷனுக்கு ரயில் வந்துகொண்டிருந்த காலத்தில் அதைப் பார்க்க ஒரு ஈ காக்காய் வந்ததில்லை. ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டம். வட இங்கிலாந்தின் அந்த மலைப்பக்கத்துக்கு லீட்ஸிலிருந்தும் பிராட்ஃபோர்டிலிருந்தும் கழுத்தில் காமிராவும் தலையில் கம்பளிக் குல்லாயுமாக வந்து இறங்குகிறார்கள், காரில்தான். புல் முளைத்த பிளாட்பாரத்தைப் படம் எடுக்கிறார்கள். கண்ணாடி உடைந்த சிக்னல் கேபினுக்கு முன்னால் நின்று துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்.

ஊர்க்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. செத்த மாடு குடம் குடமாய்க் கறக்கும் என்பார்களே, அந்தக் கதைதான். "தினமும் இதுலதான் போவோம், வருவோம். உட்கார இடம் இருக்காது" என்று கண் கலங்கச் சொல்வார்கள். தினமும் போனார்களாம்! யார் மூடியது என்று கேட்டால் லண்டனில் இருந்த ஒரு மந்திரியின் பெயரைச் சொல்லி, ஒரு துப்பும் துப்பிவைப்பார்கள். ஹெட்லி ஆல்டர்சனின் பெயரை மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் பிடுங்க முடியாது.

ஆல்டர்சன்தான் அங்கே கடைசி ஸ்டேஷன் மாஸ்டர். ஜங்ஷன் என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். மலைக்கு மேலிருந்த ஈயச் சுரங்கத்துக்குப் போன கிளைப்பாதை அவருடைய அப்பா காலத்திலேயே துருப்பிடித்துவிட்டது. மிச்சம் ஒரே பாதை, இரண்டு பெட்டி ரயில். பெயர்ப்பலகையில் இருந்த ஜங்ஷனை அழிக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. ஆல்டர்சனுக்கு வரவே வராது. அந்த எழுத்துக்களைச் சுண்ணாம்பு அடித்த கற்களால் பூப்பாத்தியின் நடுவிலும் எழுதி வைத்திருந்தார்.

அந்தப் பூப்பாத்திதான் அவருடைய பெண்டாட்டி, பிள்ளை, குலதெய்வம் எல்லாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்தது மலை உச்சியில் ஆடு மேய்க்கிற குடும்பத்தில். அங்கே கல்லைத் தவிர வேறொன்றும் விளையாது. அப்படிப்பட்டவர் கையில் நல்ல கறுப்பு மண்ணையும் ஒரு பிளாட்பாரத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்? ஜெரேனியம், லோபீலியா, வேலி முழுக்க இனிப்புப் பட்டாணிப் பூ. தீயணைக்க வைத்த சிவப்பு வாளியில்கூடத் தண்ணீருக்குப் பதில் பெட்டூனியா. எஞ்சின் ஓட்டுகிறவர்கள் பாத்தி பக்கத்தில் புகை விட்டால், தொப்பியைக் கழற்றிக்கொண்டு சண்டைக்கு ஓடுவார்.

வருஷம்தோறும் ரயில்வேக்காரர்கள் அழகான ஸ்டேஷனுக்குப் பரிசு கொடுப்பார்கள். ஆல்டர்சனுக்கு எப்போதும் இரண்டாம் பரிசு. முதல் பரிசு அடுத்த பள்ளத்தாக்கில் இருந்த கிர்க்தோர்ப்புக்குப் போய்விடும். அதனால் வருஷம்தோறும் பாத்தியைக் கொஞ்சம் அகலப்படுத்தினார். பாத்தி அகலமானால் நடக்கிற இடம் குறுகும், வேறெங்கே போகும்? கடைசியில் பிரயாணிகள் ஒருவர் பின் ஒருவராக, பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு அனுமதி கிடையாது. அடுத்த ரயில் எப்போது என்று எழுத வேண்டிய பலகையில் 'பூவைத் தொடாதீர்' என்று எழுதியிருக்கும்.

எதிர்ப்பக்கத்து சிக்னல் கேபினில் இருந்தவர் ஏமோஸ் கௌலிங். வேலை குறைவு, வாய் அதிகம். ஜன்னலைத் திறந்து தண்டவாளத்துக்குக் குறுக்காகக் கத்துவார்.

"யோவ் ஹெட்லி! இன்னிக்கு ஒரு ஆளு டிக்கெட் வாங்கிட்டான்யா. புடிச்சு உள்ள போடு!"

"மண்ணு அப்பின பூட்ஸோட வந்தான், ஏமோஸ். தொடைச்சிட்டு வாடான்னேன். தப்பா?"

தொள்ளாயிரத்து அறுபதுகளின் ஒரு கோடையில் ரயில்வேயிலிருந்து இரண்டு தகவல்கள் ஒரே நாளில் வந்தன. ஆகஸ்டில் ஒரு வாரம் முழுக்க எந்த ஸ்டேஷனில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ரயிலோடு வருகிற கார்டு எண்ணிக்கொண்டு போவார். ஆள் ஏறாத ஸ்டேஷன் மூடப்படும். இது ஒன்று. அதே வாரத்தில் புதன்கிழமை பரிசுக்கான நடுவர்கள் வருவார்கள். இது மற்றொன்று. ஒரே கட்டிடத்தில் மாடியில் ஒருவரும் கீழே ஒருவரும் உட்கார்ந்து அனுப்பியிருப்பார்கள் போல.

ஊர் விழித்துக்கொண்டது. விழிக்கவைத்தது எஃபி ஸ்கெயிஃப். சேப்பல் என்கிற சின்னக் கோயிலின் விருந்துகளுக்கு ஹாம், அதாவது பன்றித்தொடை, வேகவைக்கிற அம்மாள். அவளுடைய ஹாமுக்காகவே பக்கத்து ஊர்க்காரர்கள் பிரசங்கத்தைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவள் வீடு வீடாகப் போய், "அந்த வாரம் மட்டும் வேலை இருக்கோ இல்லையோ எல்லாரும் ரயில் ஏறணும். சந்தைக்குப் போங்க, பல்லைப் புடுங்கிக்கப் போங்க, சும்மாவாவது போயிட்டு வாங்க" என்று சத்தியம் வாங்கினாள்.

கணக்கெடுப்பு தொடங்கிய செவ்வாய்க்கிழமை காலை கூடையும் பையுமாக ஊரே ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றது. வாசல் கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் ஆல்டர்சன், கையில் பெயிண்ட் பிரஷ். பெஞ்சு, வேலி, தூண் எல்லாம் ஈரம். பிளாட்பாரத்துச் சரளைக் கல்லை அலை அலையாக வாரி விட்டிருந்தார்.

"மாஸ்டர், கதவைத் தொறங்க. ரயில் வர்ற நேரம்" என்றாள் எஃபி.

"இன்னிக்கு வேணாம் ஸ்கெயிஃப் அம்மா. நாளைக்கு நடுவருங்க வராங்க. பெயிண்ட் காயல. வியாழக்கிழமை வாங்களேன், ராஜமரியாதையோட ஏத்தி விடறேன்."

"இது கணக்கெடுக்கிற வாரம் மாஸ்டர்! நாங்க உங்க ஸ்டேஷனைக் காப்பாத்த வந்திருக்கோம்!"

"அதுக்குத்தானே நானும் பாடுபடறேன்? முதல் பரிசு வாங்கின ஸ்டேஷனை எவனாவது மூடுவானா, சொல்லுங்க!"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராத்திரி பகலாக யோசித்து, மனப்பூர்வமாக நம்பித்தான் சொன்னார். ரயில் வந்தது. நின்றது. காலியான பிளாட்பாரத்தைப் பார்த்துவிட்டு கார்டு பென்சிலை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். ரயில் போயிற்று. எதிரே ஏமோஸ் ஜன்னலைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

ஊர் என்ன செய்தது? சாலைக்குப் போய் பஸ் ஏறியது. பஸ் சந்தை வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டது. யாரும் பூட்ஸைத் துடைக்கச் சொல்லவில்லை. மெத்தென்ற சீட் வேறு. வியாழக்கிழமை ஆல்டர்சன் கதவை அகலத் திறந்து வைத்து, பட்டன்களைப் பளபளவென்று தேய்த்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். எஃபி மட்டும் வந்து ஏறினாள். மற்றவர்களுக்கு பஸ் பழகிவிட்டது.

இலை உதிர்கிற காலத்தில் முதல் பரிசு வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக கிர்க்தோர்ப்பை ஜெயித்துவிட்டார். கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரத்தை வெயிட்டிங் ரூமில் மாட்டினார். கொஞ்ச நாளில் ஸ்டேஷனை மூடப்போகிற அறிவிப்பும் வந்தது. அதை ஒட்ட வேறு இடமில்லாததால் பத்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னார்கள். தன் கையாலேயே பசை தடவி ஒட்டினார்.

ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று பனிக்காலத்தில் ஊர் மன்றத்தில் விசாரணை வைத்தார்கள். ஊரே வந்தது. ஆல்டர்சன் சீருடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் திரும்பிப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. ஒருவர் எழுந்து, "கதவைப் பூட்டி எங்களைத் திருப்பி அனுப்பினவர் இதோ உட்கார்ந்திருக்கார்" என்று சொன்னால் போதும். எண்ணிக்கை செல்லாது, மறுபடி எண்ண வேண்டும், ஸ்டேஷன் பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் அவர் பிழைக்க மாட்டார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. வேலை போனால் பென்ஷனும் போகும், ஸ்டேஷன் வீடும் போகும்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரயில் இல்லேன்னா ரொம்பக் கஷ்டம்னு எல்லாரும் சொல்றீங்க. சரி. அந்த வாரம் ஏன் ஒரே ஒருத்தர்தான் ஏறினாங்க?"

நாமே எழுந்து சொல்லிவிடலாம் என்று ஆல்டர்சன் நினைத்தார். நினைத்ததைக் காலுக்குச் சொன்னார். கால் கேட்கவில்லை. வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல.

எஃபி ஸ்கெயிஃப் எழுந்தாள்.

"சொல்றேன் ஐயா. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சேப்பல் விருந்து. ஹாம் கெட்டுப்போச்சு. சாப்பிட்டவங்க எல்லாருக்கும் வயித்தால போச்சு."

"யார் சமைச்ச ஹாம்?"

"நான்தான்."

"வாரம் முழுக்கவா?"

"பெரிய ஹாம், ஐயா."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்கார்பெக்காரர்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் ஒரு கிழவர், "எனக்கு இன்னும் சரியாகல" என்று வேறு சேர்த்துக்கொண்டார். எஃபி செய்யாத ஹாம் கெட்டுப்போனது மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு வெளியூர் சேப்பல் எதுவும் அவளை ஹாம் வேகவைக்கக் கூப்பிடவில்லை.

ஆல்டர்சன் அவள் வீட்டு வாசலில் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? உண்மையைச் சொல்லியிருந்தா ஸ்டேஷன் பிழைச்சிருக்குமே."

"பிழைச்சிருக்கும். உங்களைத் துரத்தியிருப்பாங்க."

"துரத்தட்டுமே. நான் செஞ்சது அப்படி."

"நல்லா இருக்கே கதை! நீங்க கிறுக்குதான், அதுல எங்க யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனா நீங்க எங்க ஊர்க் கிறுக்கு. உங்களை நாங்க திட்டுவோம், லண்டன்லேர்ந்து ஒருத்தன் வந்து திட்டக்கூடாது. டீ குடிக்கிறீங்களா? காலைத் தொடைச்சிட்டு வாங்க."

டீ குடித்தார். ஊர் அவரைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். மன்னித்துவிட்டார்களே, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

வசந்தம் வந்ததும் வழக்கம்போலப் பாத்தி கொத்தினார், நாற்று நட்டார். "யாருக்குய்யா?" என்று ஏமோஸ் ஒரு தடவைதான் கேட்டார். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கடைசி ரயில் என்று முடிவாயிற்று. அந்த வருஷம் பூத்ததைப் போல அந்தப் பாத்தி எந்த வருஷமும் பூத்ததில்லை. பரிசு கொடுக்கத்தான் ஆளில்லை.

கடைசி ரயிலில் போகவேண்டும் என்று ஊர் முழுக்கக் கிளம்பி வந்தது. பிள்ளைகுட்டிகள், தாத்தாக்கள், பித்தளைப் பாண்டு வாத்தியக்காரர்கள், பஸ்ஸுக்குப் பழகிப்போனவர்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கினார்கள். டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்பதை ஆல்டர்சன் அன்றைக்குத்தான் பார்த்தார். பிளாட்பாரத்துக்கு வந்தால், நடக்கிற இடம் ஒரு ஆள் அகலம். ரயில் வந்து நின்றது. ஊர் ஒருவர் பின் ஒருவராக, வாத்தியங்களைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பூவில் கால் படாமல் எறும்பு மாதிரி ஊர்ந்தது. முன்னால் போனவர்கள் ஏறிக்கொண்டிருக்க, வால் இன்னும் வாசல் கதவுக்கு வெளியே இருந்தது.

கார்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏமோஸ் தன்னால் முடிந்தவரை சிக்னல் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தார். ரயில் ஏன் இன்னும் வரவில்லை என்று அடுத்த ஸ்டேஷன்காரர்கள் கேட்க, கேபினில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"வாங்க! குறுக்கால வாங்க!" என்று ஆல்டர்சன் கத்தினார். "பாத்தி மேல ஏறி வாங்க!"

ஒருவரும் நகரவில்லை.

அவர் பூட்ஸோடு ஜெரேனியத்தின் நடுவில் இறங்கினார். ஜங்ஷன் என்று எழுதியிருந்த வெள்ளைக் கற்களை உதைத்துத் தள்ளினார். "மிதிங்க! யாருக்கு இனிமே இது? மிதிச்சிட்டு வாங்கன்னா!"

வரிசையில் நின்ற எஃபி, பாத்தி ஓரத்தில் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் இறங்கவில்லை. பின்னால் வைத்துக்கொண்டாள்.

"முடியல மாஸ்டர். இத்தனை வருஷமா பழக்கிட்டு, ஒரு நிமிஷத்துல மறக்கச் சொன்னா எப்படி?"

ஏமோஸால் அதற்குமேல் பிடித்து வைக்க முடியவில்லை. சிக்னல் விழுந்தது, கார்டு விசில் ஊதினார். பாண்டில் பாதி ரயிலுக்குள்ளே போயிற்று; பெரிய டிரம்மும் அதை அடிக்கிறவரும் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார்கள். ஸ்கார்பெக் ஜங்ஷனின் கடைசி ரயில் பாதிக் காலியாகவே கிளம்பிப் போயிற்று.

"பாத்தீங்களா மாஸ்டர்," என்றாள் எஃபி, கையில் டிக்கெட்டோடு. "இன்னிக்கும் நாங்க ஏறல."

ஆல்டர்சன் அங்கேயே, பூவுக்கு நடுவில் நின்றபடி, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதார். ஏறாதவர்கள் எல்லோரும் பாத்திக்கு வெளியே அவரைச் சுற்றி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.